காரின் ‘கம்ப்யூட்டர்’ கெட்டுவிட்டதா? இ.சி.யு.வை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் நெடுஞ்சாலையில் திடீரென அணைந்துவிடுகிறது. பட்டறையில் பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பும் பார்த்தாயிற்று. கடைசியில் வாகனமோட்டியின் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே பதில்தான்: “இ.சி.யு. போய்விட்டது, மாற்ற வேண்டும்.”

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு அன்றாடம் வேலைக்குப் போகும் ஒருவருக்கு இது சிறிய செலவு அல்ல. காரின் ரகத்தைப் பொறுத்து, பழைய இ.சி.யு.வே சில நூறு ரிங்கிட் ஆகும். புதியது ஆயிரக்கணக்கில் போகும். அதையும் கொடுத்து மாற்றிய பிறகு அதே கோளாறு திரும்பி வந்தால், பணமும் போய்விட்டது, காரும் நிற்கிறது என்ற நிலைதான்.

இ.சி.யு. கெடாத பொருள் அல்ல. ஆனால் எளிதில் கெடும் பொருளும் அல்ல. அதற்கு வரும் மின்சாரம், எர்த், வயர், சென்சர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பழுதானால், இ.சி.யு. கெட்டது போலவே கார் நடந்துகொள்ளும். ஆகவே மற்ற எல்லாவற்றையும் சோதித்து விலக்கிய பிறகே இ.சி.யு.வைக் குறை சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்வது, பட்டறையில் என்ன கேட்பது என்பதை வாகனமோட்டிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இ.சி.யு. என்ன செய்கிறது?

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். பின்னர் வந்த இன்ஜெக்‌ஷன் கார்களில் அந்த வேலை ஒரு சிறு கணினியிடம் போனது. அதுதான் இ.சி.யு. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி.

இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, தண்ணீரின் சூடு எவ்வளவு, எண்ணெய் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்பதையெல்லாம் சென்சர்கள் அதற்குச் சொல்கின்றன. இ.சி.யு. கணக்கிட்டு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், பிளக் எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

சில கார்களில் இது கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் முன்பக்கப் பயணியின் கால் வைக்கும் இடத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் இன்ஜின் அறையிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

இன்றைய கார்களில் கியர்பாக்ஸ், பிரேக், காற்றுப்பை ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. இந்தக் கட்டுரை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் பற்றியது. ஆயினும் சோதிக்கும் வரிசை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் சோதனை வாகனமோட்டியின் கையில்

கோளாறு எப்போது வருகிறது என்று குறித்துவைப்பதே முதல் படி. கருவி எதுவும் தேவையில்லை.

காலையில் குளிர்ந்திருக்கும்போதா, இன்ஜின் சூடான பிறகா? மழை பெய்த மறுநாளா, கார் கழுவிய பிறகா? குண்டும் குழியுமான செம்மண் சாலையில் ஆடும்போதா? ஏர்கோன் போட்டதும் வருகிறதா?

சூடானதும் அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் மீண்டும் ஓடும் கார் என்றால், பல வேளைகளில் குற்றவாளி கிராங்க் சென்சர்தான். இ.சி.யு.விலுள்ள ஈயப்பற்று விட்டுப்போனாலும் இதே அறிகுறி தோன்றும். ஆனால் விலை குறைந்ததும், அடிக்கடி கெடுவதும் சென்சர் என்பதால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் வரும் கோளாறு வயர் அல்லது சாக்கெட்டைக் காட்டுகிறது. மழைக்குப் பின் வருவது ஈரம் புகுந்த இடத்தைக் காட்டுகிறது.

அண்மையில் காரில் என்ன வேலை நடந்தது என்பதும் முக்கியம். அலாரம் பொருத்தியது, ரேடியோ மாற்றியது, வெல்டிங் செய்தது, வேறு காரிலிருந்து ஜம்பர் போட்டது என எதையும் மறைக்காமல் பட்டறையில் சொல்ல வேண்டும். அலாரம் பொருத்தியபோது வெட்டி ஒட்டிய வயர், பல ஆண்டுகளுக்குப் பிறகும் தொல்லை கொடுக்கும்.

பேட்டரியைப் பார்க்காமல் எதையும் பார்க்க வேண்டாம்

இ.சி.யு. ஒரு கணினி. சரியான வோல்ட் கிடைக்காவிட்டால் அதன் கணக்கு தவறும். சில பத்து ரிங்கிட்டுக்கு விற்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும், இதைச் சோதிக்கலாம்.

• இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து: நன்கு சார்ஜ் ஆன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

• ஸ்டார்ட்டர் சுற்றும்போது: ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதைவிடக் கீழே போனால் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் இ.சி.யு. விழிக்காமல் போகலாம்.

• இன்ஜின் ஓடும்போது: பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அல்டர்னேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் நல்ல இ.சி.யு.வும் கெடும்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே ‘இ.சி.யு. கோளாறு’ தீர்ந்துபோகும் கார்களும் உண்டு.

மஞ்சள் விளக்கு சொல்லும் செய்தி

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்ப வேண்டும். மீட்டர் பலகையில் இன்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணைய வேண்டும்.

சாவி ஆன் நிலையில் விளக்கு எரியவே இல்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். விளக்கே கெட்டிருக்கலாம், இ.சி.யு.வுக்கு மின்சாரமோ எர்த்தோ வராமல் இருக்கலாம், கடைசியாக, இ.சி.யு. கெட்டிருக்கலாம். முதல் இரண்டையும் சோதிக்காமல் மூன்றாவதற்குத் தாவக் கூடாது.

விளக்கு எரிந்து, ஸ்கேனரும் பேசுகிறது என்றால், இ.சி.யு. குறைந்தது விழித்திருக்கிறது. அப்படியானால் கோளாறை வெளியே தேடுவதே முறை.

மின்சாரமும் எர்த்தும் பெட்டி வரை வருகிறதா?

இதுதான் பலர் தாண்டிப்போகும் இடம். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்பதால் மின்சாரம் இ.சி.யு. வரை வந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

பெரும்பாலான கார்களில் இ.சி.யு.வுக்குப் பல வழிகளில் மின்சாரம் வரும். பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் இணைப்பு ஒன்று. சாவியைத் திருப்பினால் வருவது இன்னொன்று. மெயின் ரிலே வழியாக வருவது வேறொன்று. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் இன்ஜின் பிடிக்காமல் போகலாம். மெயின் ரிலே சிறிய, விலை குறைந்த பொருள். உள்ளே முனைகள் தேய்ந்துவிட்டால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. அதே ரகத்தைச் சேர்ந்த நல்ல ரிலேவைப் போட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை.

எந்த முள்ளில் எது வர வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். அந்த ரகத்துக்கான வயரிங் படம் இல்லாமல் அளப்பது இருட்டில் தேடுவதற்குச் சமம். நல்ல வயர்மேன் முதலில் அந்தப் படத்தைத் தேடி எடுப்பார்.

எர்த் சோதனையில் ஓம் அளவு ஏமாற்றும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் ‘சரி’ என்று காட்டும். ஆனால் மின்சாரம் ஓடும்போது அந்த ஒரே இழை தாங்காது. ஆகவே மின்சாரம் ஓடும்போதே வோல்ட் அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையை இ.சி.யு.வின் எர்த் முள்ளிலும் வைத்து, சாவியை ஆன் செய்ய வேண்டும். சுமார் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. பெரிய விளக்கைப் போட்டதும் அரை வோல்ட், ஒரு வோல்ட் என ஏறினால், பாடியோடு எர்த் வயர் இணையும் இடத்தில் துரு அல்லது தளர்வு இருக்கிறது.

எர்த் கெட்டால் எல்லாச் சென்சர்களின் அளவும் ஒரே நேரத்தில் தவறாகத் தெரியும். ‘எல்லாமே தவறாகக் காட்டுகிறது, எனவே இ.சி.யு. போச்சு’ என்ற தவறான முடிவு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மின்சாரம் வரும் முள்ளைச் சோதிக்க 21 வாட் சிக்னல் பல்பு ஒன்று உதவும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இ.சி.யு.வின் சாக்கெட்டைப் பிரித்து, மீண்டும் பேட்டரியை இணைக்க வேண்டும். பிறகு வயர் பக்கத்து மின்சார முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் இடையே பல்பை இணைத்தால், அது முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் இடையில் தடை இருக்கிறது. பல கார்களில் மெயின் ரிலேவை இயக்குவதே இ.சி.யு. என்பதால், அந்த வழியாக வரும் மின்சாரத்தை மட்டும் சாக்கெட் மாட்டிய நிலையில் மீட்டரால் அளக்க வேண்டும். சென்சர் வயர்களில் இந்தப் பல்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. அவை அந்த மின்னோட்டத்தைத் தாங்கா.

ஒரு சென்சர் மற்றதையும் இழுத்துச் சாய்க்கும்

இ.சி.யு. பல சென்சர்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று சென்சர்கள் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால், அந்த 5 வோல்ட்டே விழுந்துவிடும். அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சென்சர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டது போல ஸ்கேனரில் வரிசையாகக் குறியீடுகள் வரும்.

சாவி ஆன் நிலையில் ஒரு சென்சரின் சாக்கெட்டைக் கழற்றி அங்கு 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால், மீட்டரைப் பார்த்தபடியே மற்றச் சென்சர்களின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வராமல், வயரும் எங்கும் உரசாமல் இருந்தால், அப்போதுதான் சந்தேகம் இ.சி.யு. மீது திரும்ப வேண்டும்.

ஸ்கேனர் பேசவில்லை என்றால்

டாஷ்போர்டுக்குக் கீழே ஓட்டுநர் பக்கத்தில் 16 முள் சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 ரகக் கார்களிலிருந்து இந்த ஓ.பி.டி. முறை கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. நம் சாலைகளில் ஓடும் சில பழைய உள்ளூர் ரகங்களில் இந்தச் சாக்கெட் இருந்தாலும், இணையத்தில் விற்கும் மலிவு ஸ்கேனர் அவற்றோடு பேசாது. அந்த ரகத்துக்கு உரிய ஸ்கேனர் வேண்டும். ஆகவே கைத்தொலைபேசியோடு இணையும் சிறு கருவி ‘இணைப்பு இல்லை’ என்று காட்டியதை வைத்து இ.சி.யு. செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

சரியான ஸ்கேனரும் பேசவில்லை என்றால் முதலில் சாக்கெட்டையே சோதிக்க வேண்டும். 16-ஆவது முள்ளில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். 4, 5-ஆவது முட்கள் எர்த். 16-ஆவது முள்ளின் ஃபியூஸ் பல கார்களில் சிகரெட் லைட்டர் அல்லது உள்விளக்கோடு சேர்ந்திருக்கும். கைத்தொலைபேசி சார்ஜரால் எரிந்துபோன ஃபியூஸ் ஒன்று ஸ்கேனரையே ஊமையாக்கிவிடும்.

கேன் எனப்படும் தகவல் இணைப்பு உள்ள புதிய கார்களில் இன்னொரு சோதனையும் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-ஆவது, 14-ஆவது முட்களுக்கு இடையே ஓம் அளந்தால், பெரும்பாலான கார்களில் சுமார் 60 ஓம் வரும். இணைப்பின் இரு முனைகளிலும் உள்ள தலா 120 ஓம் தடைகள் சேர்ந்து அந்த அளவு கிடைக்கிறது. 120 காட்டினால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரு வயர்களும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

குறியீடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

ஸ்கேனர் காட்டும் குறியீடு எந்தப் பாதையில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. இ.சி.யு.வோடு தொடர்புள்ள சில பொதுக் குறியீடுகள்:

• பி 0562: மின்சார வோல்ட் குறைவு. பேட்டரி, அல்டர்னேட்டர், எர்த் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

• பி 0335: கிராங்க் சென்சர் பாதை. சென்சரோ, வயரோ, சாக்கெட்டோ காரணமாகலாம்.

• பி 0601: இ.சி.யு.வின் நினைவகத்தில் உள்ள தகவல் பிழை.

• பி 0603: நிலையாக மின்சாரம் பெறும் நினைவகத்தில் பிழை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே இது வரலாம்.

• பி 0604, பி 0605, பி 0606: இ.சி.யு.வின் உள் நினைவகம், செயலி ஆகியவற்றில் பிழை.

• யு 0100: மற்றப் பெட்டிகளால் இன்ஜின் இ.சி.யு.வோடு பேச முடியவில்லை. மின்சாரம் இல்லாததும் இதற்குக் காரணமாகலாம்.

பி 0601 முதல் பி 0606 வரையிலான குறியீடுகள் இ.சி.யு.வை நேராகச் சுட்டுகின்றன. அப்போதும் குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, பேட்டரியும் எர்த்தும் சரியாக இருக்கும் நிலையில் மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே அது உறுதியான சான்று.

ஸ்கேனரில் நேரடி அளவுகளையும் படிக்கலாம். இரவு முழுவதும் நின்ற காரில் தண்ணீரின் சூடு, வெளிக்காற்றின் சூடாகிய 25, 27 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்கு மாறாகக் காட்டினால், அந்தச் சென்சரின் சாக்கெட்டைக் கழற்ற வேண்டும். பல கார்களில் அளவு -40 டிகிரிக்கு இறங்கும். சாக்கெட்டின் வயர் பக்கத்து இரு முட்களையும் சிறு வயரால் இணைத்தால் 100 டிகிரிக்கும் மேலே ஏறும். அளவு இப்படி இரு பக்கமும் நகர்ந்தால் வயரும் இ.சி.யு.வும் நன்றாக இருக்கின்றன, கெட்டது சென்சர்தான். நகராமல் நின்றால் வயரை இ.சி.யு. வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். சில ரகங்கள் மட்டும், சென்சர் விட்டுப்போனதும் தாமாகவே ஒரு மாற்று அளவைக் காட்டும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இந்த நிலையில்தான் அதிகமான நல்ல இ.சி.யு.கள் கழற்றி வீசப்படுகின்றன. வரிசையாகப் பார்த்தால் குழப்பம் இல்லை.

1. மீட்டர் பலகையில் சாவி விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறதா? அப்படியானால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். இம்மொபிலைசர் தடுத்தால் இ.சி.யு. வேண்டுமென்றே பெட்ரோலையோ தீப்பொறியையோ நிறுத்திவைக்கும்.

2. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் இன்ஜினின் சுற்று வேகம் தெரிகிறதா? பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சரும் அதன் வயரும்தான் முதல் சந்தேகம். சுற்றுவதே தெரியாமல் இ.சி.யு. எந்தக் கட்டளையும் கொடுக்காது.

3. இன்ஜெக்டர், பிளக் காயில் சாக்கெட்டுகளில் சாவி ஆன் நிலையில் அல்லது ஸ்டார்ட்டர் சுற்றும்போது 12 வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், வயர்.

4. இன்ஜெக்டர் சாக்கெட்டில் சோதனை விளக்கை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அது சிமிட்ட வேண்டும். இதற்கென்றே சிறு விளக்குகள் விற்கின்றன. சிமிட்டினால் இ.சி.யு. கட்டளை கொடுக்கிறது, பெட்ரோல் அழுத்தத்தையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

5. சிமிட்டவில்லை என்றால், அந்தச் சாக்கெட்டிலிருந்து இ.சி.யு.வின் முள் வரை வயர் அறுந்திருக்கிறதா, பாடியில் உரசுகிறதா என்று அளக்க வேண்டும்.

இம்மொபிலைசர் தடுக்கவில்லை, சுற்று வேகம் தெரிகிறது, மின்சாரமும் எர்த்தும் சரி, வயரும் முழுசாக இருக்கிறது, ஆனால் கட்டளை மட்டும் வெளியே வரவில்லை. இந்த ஐந்தும் ஒன்றுசேர்ந்தால்தான் ‘இ.சி.யு. கெட்டுவிட்டது’ என்று சொல்ல முடியும்.

கெட்டதை மாற்றும் முன், கெடுத்ததைக் கண்டுபிடிக்க வேண்டும்

இ.சி.யு. உண்மையிலேயே கெட்டிருந்தால் அடுத்த கேள்வி: எதனால் கெட்டது? இதற்குப் பதில் தெரியாமல் புதிய பெட்டியைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ஷார்ட் ஆன பிளக் காயில், இன்ஜெக்டர், ஐடில் மோட்டார் ஆகியவை இ.சி.யு.வுக்குள் தங்களை இயக்கும் சில்லை எரித்துவிடும். மிட்சுபிஷியின் 1990-களின் இன்ஜின்களில் ஐடில் மோட்டார் ஷார்ட் ஆகி இ.சி.யு.வைக் கெடுப்பது பழுதுபார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த கோளாறு. அதே காலத்து மிட்சுபிஷி இ.சி.யு.களில் கெப்பாசிட்டர் ஒழுகிப் பலகையை அரிப்பதும் உண்டு. பெட்டியைத் திறந்தால் மீன் கவிச்சி போன்ற வாடையும், கெப்பாசிட்டரின் அடியில் கறையும் தெரியும்.

ஜம்பர் வயரை மாற்றிப் போடுவது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் செய்வது, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றுவது, இன்ஜின் அறைக்குள் அழுத்த நீரைப் பாய்ச்சுவது ஆகியவையும் இ.சி.யு.வுக்கு எமன்.

செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லை எல்லாரும் அறிந்ததே. எலியைப் பிடிக்க ஆந்தைக் கூடுகள் வைத்திருக்கும் தோட்டங்களும் உண்டு. சில நாள் ஓடாமல் நின்ற காரின் இன்ஜின் சூட்டில் எலி கூடு கட்டி, வயரைக் கடித்துவிடும். தோட்டப்புறத்துக் காரில் திடீரெனப் பல குறியீடுகள் வந்தால், பெட்டியைத் தொடும் முன் வயர் கட்டு முழுவதையும் விளக்கடித்துப் பார்ப்பது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளோடு கார்களும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. பலகை நனைந்திருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய இ.சி.யு.வும் எரிந்துவிடும். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும்.

சாவியைத் தொடாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, காரை இழுத்துச் செல்வதே சரியான வழி. சேற்று நீர் உள்ளே போன பெட்டியை வெயிலில் காய வைத்தால் மட்டும் போதாது. திறந்து, சுத்தம் செய்து, பிறகுதான் உலர்த்த வேண்டும். இல்லையென்றால் உப்பும் சேறும் மெல்ல அரித்து, மாதங்கள் கழித்துக் கோளாறு வரும்.

சாதாரண வாகனக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. சிறப்பு இடர் எனப்படும் கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் சாலை வரி புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழுதுபார்ப்பதா, பழையதா, புதியதா?

ஒரு சில் அல்லது கெப்பாசிட்டர் மட்டும் கெட்டிருந்தால், இ.சி.யு. பலகையைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே மலிவான வழி. காரின் இம்மொபிலைசர் தகவலும் அப்படியே இருக்கும்.

பழைய உதிரிப்பாகக் கடையில், ஹாஃப் கட் காரிலிருந்து வாங்குவதானால், பெட்டியின் மேல் அச்சிட்ட பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே ரகக் காராக இருந்தாலும், கையால் கியர் போடும் காருக்கும் ஆட்டோ காருக்கும் இ.சி.யு. வேறாக இருக்கும். இம்மொபிலைசர் உள்ள காரில், பெட்டியைச் சாவியோடு பதிவு செய்யாவிட்டால் இன்ஜின் பிடிக்காது. அந்தப் பதிவு வேலையும் விலைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

‘வேறொரு காரின் பெட்டியைப் போட்டுப் பார்ப்போம்’ என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் ஷார்ட் ஆன காயில் இன்னும் காரிலேயே இருந்தால், இரவல் வாங்கிய பெட்டியும் எரிந்துபோகும்.

வீட்டிலேயே சோதிக்க விரும்புவோர் மூன்றை மறக்கக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் இ.சி.யு. சாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது. மஞ்சள் நிறச் சாக்கெட்டுகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் மீட்டர் வைக்கக் கூடாது. ஹைப்ரிட் காரின் ஆரஞ்சு நிற வயர்கள் உயிருக்கு ஆபத்தானவை.

பட்டறையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

• என்ன குறியீடு வந்தது? அழித்த பிறகு மீண்டும் வந்ததா?

• இ.சி.யு. முள்ளில் மின்சாரமும் எர்த்தும் எத்தனை வோல்ட் காட்டின?

• காயில், இன்ஜெக்டர், ஐடில் மோட்டார் ஆகியவை ஷார்ட் இல்லை என்று அளந்தீர்களா?

• மாற்றிய பிறகும் கோளாறு நீடித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

• கழற்றிய பழைய பெட்டி கையில் கிடைக்குமா?

வேலை தெரிந்த ஃபோர்மேன் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். அளந்த எண்களைச் சொல்வார். சோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் தயங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரச் சோதனைக்குக் கொடுக்கும் பணம், தேவையில்லாத ஒரு பெட்டிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. மதிப்பீட்டையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பட்டறையோடு பேசியும் தீராத தகராறுகளுக்கு, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் அங்கே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும், எழுதி வாங்கிய மதிப்பீடும், கழற்றிய பழைய பெட்டியும் அங்கே சாட்சியாகும். அதனால்தான் அந்தப் பழைய பெட்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது.